ஓடுகிறவளின் உடை – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

மதுரை திருநகரில் இருக்கிறேன். வயது 37, இரண்டு பிள்ளைகள். ஒரு வருடமாக ஓடுகிறேன். விடியற்காலையில் 8 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடிவிடுவேன். வருகிற ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க ஆசை. மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை, உடைதான் பாடாய்ப் படுத்துகிறது. காட்டன் சுடிதார் டாப்பும் லெக்கின்ஸும் போட்டு ஓடுகிறேன். 10 கிலோமீட்டரைத் தாண்டினால் தொடையின் உள்பக்கமும் மார்புக்குக் கீழேயும் உரசிப் புண்ணாகிறது. குளிக்கும்போது உயிர் போகிறது. ஷார்ட்ஸ் போடச் சொல்கிறாள் தோழி. மாமியார் எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் பார்ப்பார். நம் ஊர் வேர்வைக்குக் காட்டனை விட்டால் வேறு கிடையாது என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் ஓடுகிறவர், அதனால் கேட்கிறேன். என்னதான் போடுவது?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்தக் காட்டனை விடுங்கள்.

எனக்கே அதை விட மனசு வரவில்லை. சுங்குடிச் சேலையைத் தவிர வேறெதையும் நம்பாத வீட்டில் வளர்ந்தவள் நான். வெயிலில் உட்கார்ந்திருக்கவும் கடைக்குப் போய்வரவும் பருத்திதான் சுகம். ஓடும்போது அதே பருத்தி எதிரியாகிவிடுகிறது. வேர்வையைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆன தோல்மேல் கனத்த ஈரத்துணி ஒட்டிக்கொண்டு தேய்க்கும், கூடவே வேர்வையின் உப்பு. ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 21 கிலோமீட்டருக்கு 21,000 அடி. அத்தனை தடவையும் ஒரே தையல் ஒரே இடத்தில் உரசினால் புண்ணாகாமல் என்ன செய்யும்?

நான் முதன்முதலில் நெடுந்தூரம் ஓடியது வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டர் வரும். மாரியம்மன் கோயில் வாசலைப் பார்த்துப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினேன். பத்துச் சுற்று முடித்த பெருமையில் வீட்டுக்கு வந்து முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றியதும் கத்திவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், மார்புக்குக் கீழே பிராவின் எலாஸ்டிக் நெசவு கோடு கோடாகச் சிவப்பில் அச்சடித்தாற்போல் பதிந்திருந்தது. சாதாரண பிராவோடு ஓடியதற்கான பரிசு.

நீங்கள் ஷார்ட்ஸைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு மார்பை ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான். ஆனால் காசு செலவழிக்க வேண்டிய முதல் சாமான் ஸ்போர்ட்ஸ் பிராதான். அது பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கை. 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மூன்று பெண்கள், விளையாட்டில் ஆண்கள் போடும் உள்ளாடை இரண்டை எடுத்து ஒன்றாகத் தைத்துப் பார்த்ததில் வந்தது அது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் வந்ததே 1984-இல்தான். ஆண்கள் 1896-லிருந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். இப்படிப் பிந்தித்தான் நம் உடம்பு கணக்கில் வந்தது.

வாங்கும்போது தோள்பட்டியைப் பார்க்காதீர்கள், கீழ்ப்பட்டியைப் பாருங்கள். பாரம் முக்கால்வாசி அதில்தான் நிற்க வேண்டும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் நுழைந்தால் தளர்வு. கையைத் தூக்கினால் பட்டி மேலே ஏறக் கூடாது. மார்பு பெரிதென்றால் ஒரேயடியாக அமுக்குவதைவிட இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தாங்குவது நல்லது. அப்புறம் ட்ரயல் ரூமுக்குள்ளேயே பத்து தடவை குதித்துப் பாருங்கள். நான் குதித்தபோது கடைப் பெண் கதவைத் தட்டி, “என்னக்கா ஆச்சு?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா, ஓடிப் பாக்குறேன்” என்றேன். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள், நிழலில் காயப் போடுங்கள். எலாஸ்டிக் தளர்ந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தொடைக்கு வருவோம். உங்கள் தோழி சொன்னது பாதிதான் சரி. தொளதொளப்பான ஷார்ட்ஸ் மேலே ஏறிக்கொள்ளும். அப்புறம் தோலும் தோலும் உரசும், இப்போது இருப்பதைவிட மோசம். முழங்காலுக்குச் சற்று மேல்வரை இறுக்கிப் பிடிக்கிற, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவது மாதிரியான ஷார்ட்ஸ் வேண்டும். இல்லையா, அதே துணியில் கணுக்கால்வரை. லேபிளில் பாலியஸ்டர் அல்லது நைலான், கூடக் கொஞ்சம் ஸ்பாண்டெக்ஸ் (இழுத்தால் நீளும் இழை) என்று இருக்கட்டும். உள்பக்கத்தைத் திருப்பித் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தட்டுப்படுகிற தையல் தொடைக்கும் தட்டுப்படும். பெரிய கம்பெனிதான் வேண்டும் என்றில்லை, திருப்பூர்ச் சரக்கிலேயே நல்லது கிடைக்கிறது.

மேலே அதே மாதிரித் துணியில் ஒரு டி-ஷர்ட். தொடையை மறைக்கிற நீளத்தில் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஓடினேன், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். சுடிதார் டாப் மட்டும் வேண்டாம், முன்மடிப்பு வேர்வையில் நனைந்து கால்களுக்கு நடுவே சுருட்டிக்கொள்ளும். துப்பட்டாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நல்லவேளை. மாமியார் பார்ப்பார் என்கிறீர்கள். பார்க்கட்டுமே. விடியுமுன் வெளிர் நிறத்தில் போட்டால் லாரிக்காரர்களும் பார்ப்பார்கள், அது அதைவிட முக்கியம்.

“ரேவதி வெறுங்காலோடு ஓடவில்லையா, உனக்கு என்ன இத்தனை ஆடம்பரம்?” என்று யாராவது கேட்பார்கள். என்னைக் கேட்டார்கள். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்வரை போனவர். தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியது ஷூ வாங்க வசதியில்லாததால். வாய்ப்பு வந்ததும் அவரும் ஷூ போட்டுத்தான் ஓடினார். இல்லாமையை யோக்கியதாம்சமாக்குவது நம் ஆட்களின் பழைய பழக்கம்.

இன்னும் சில. வாஸ்லின் தடவப் புண்ணாகும்வரை காத்திருக்காதீர்கள், கிளம்புமுன் தொடை இடுக்கு, பட்டி படும் இடம், அக்குள் எல்லாவற்றிலும் தாராளமாகத் தடவுங்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கினின் ஓரங்கள் தொடையை அறுக்கும். நாப்கினுக்குப் பதில் உள்ளே வைத்துக்கொள்ளும் மாதவிடாய் கப் பழகிக்கொண்டவர்கள் நிம்மதியாக ஓடுகிறார்கள், ஆனால் அதைப் பந்தயத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பழகிக்கொள்ள வேண்டும். ஜனவரி விடியலில் குளிருகிறதே என்று மேலே இன்னொன்று போடாதீர்கள், இரண்டாவது கிலோமீட்டரிலேயே சுமையாகிவிடும். பந்தயத்துக்கு முதல் நாள் நம்பரோடு ஒரு புது டி-ஷர்ட் கொடுப்பார்கள். ஆசையாக இருக்கும். அன்றைக்கு அதைத் தொடவே தொடாதீர்கள்.

இதையெல்லாம் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை 14 கிலோமீட்டர் ஓடிவிட்டுக் குளிக்கப் போங்கள். முதல் சொம்புக்குக் கத்தவில்லை என்றால் அதே உடையில் இன்னொரு செட் வாங்கி வைத்துவிடுங்கள், கடையில் அந்த மாடலை மாற்றிவிடுவார்கள்.