‘மோர் பெட்டர்’ ஏன் தப்பு? டிகிரி கேள்விகளும் பதில்களும்

பள்ளியில் ‘டிகிரிஸ் ஆஃப் கம்பாரிசன்’ என்று படித்த, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஆங்கில இலக்கணப் பாடம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், ஆபிஸ் மீட்டிங்கில் “திஸ் ஐடியா இஸ் மோர் பெட்டர்” என்று சொன்னேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் திருத்தினார். ‘மோர்’ சேர்த்தால் அழுத்தம்தானே கூடும்?

அழுத்தம் வேண்டும் என்று நினைத்தது சரி, அதற்கு எடுத்த சொல்தான் பொருந்தவில்லை. ‘குட்’ என்பது ‘பெட்டர்’ ஆனதுமே ஒப்பீடு முடிந்துவிட்டது. அதன் மேல் ‘மோர்’ வைத்தால் முடிந்த வேலையை மறுபடியும் செய்வதாகிறது. ‘மச் பெட்டர்’ அல்லது ‘ஃபார் பெட்டர்’ என்று சொல்லுங்கள். கொஞ்சம்தான் மேல் என்றால் ‘எ லிட்டில் பெட்டர்’. ‘வெரி பெட்டர்’ மட்டும் வேண்டாம். ‘வெரி’ வருவது ‘குட்’டோடுதான்.

இது நம்மில் இவ்வளவு பேருக்கு ஏன் தடுக்கிறது என்றால், தமிழில் ஒப்பிடும்போது அந்தப் பண்புச் சொல் மாறுவதே இல்லை. “தொட்டபெட்டாவை விட ஆனைமுடி உயரம்”, “தென்னிந்தியாவிலேயே ஆனைமுடிதான் உயரம்.” இரண்டிலும் ‘உயரம்’ அப்படியே நிற்கிறது. ‘விட’, ‘இலேயே’ இரண்டும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்திலோ சொல்லே மாற வேண்டும்: ஹை, ஹையர், ஹையஸ்ட். இந்தப் பழக்கம் இல்லாததால் சிலர் மாற்றாமலே “ஆனைமுடி இஸ் ஹை தேன் தொட்டபெட்டா” என்கிறார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் வேறு சிலர் ‘மோர் ஹையர்’ என்று இரண்டு தடவை மாற்றுகிறார்கள். ஒரே ஒரு தடவை மாற்றுங்கள், போதும்: “ஆனைமுடி இஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா.”

எந்தச் சொல்லுக்குக் கடைசியில் ‘இ ஆர்’ வரும், எதற்கு முன்னால் ‘மோர்’ வரும்? மனப்பாடம் செய்யாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. சொல்லை வாய்விட்டுச் சொல்லி, எத்தனை அசை (சிலபிள்) என்று எண்ணுங்கள். ஓரசை என்றால் ‘இ ஆர்’, ‘இ எஸ் டி’: சீப், சீப்பர், சீப்பஸ்ட். மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் ‘மோர்’, ‘மோஸ்ட்’: மோர் எக்ஸ்பென்சிவ், மோஸ்ட் டிஃபிகல்ட்.

தொல்லை ஈரசைச் சொற்களில்தான். ‘ஒய்’ எழுத்தில் முடிந்தால் கவலை இல்லை, ஈஸியர், ஹேப்பியர், பிஸியர் என்று போய்விடும் (எழுதும்போது ‘ஒய்’ மாறி ‘ஐ’ ஆகும்). ‘சிம்பிள்’, ‘நேரோ’ போன்றவையும் பொதுவாக ‘இ ஆர்’ எடுக்கும். ‘யூஸ்ஃபுல்’, ‘ஃபேமஸ்’, ‘மாடர்ன்’ எல்லாம் ‘மோர்’ பக்கம். ‘கிளெவர்’, ‘காமன்’, ‘கொயட்’ இரண்டு விதமாகவும் வரும், எதைச் சொன்னாலும் தப்பில்லை. ‘ஒய்’யில் முடியாத ஈரசைச் சொல்லில் சந்தேகம் வந்தால் ‘மோர்’ போடுங்கள், அது பெரும்பாலும் காப்பாற்றும்.

ஓரசையிலும் சில முரண்டு பிடிக்கும். ‘போர்ட்’, ‘டயர்ட்’ போன்றவை வினைச்சொல்லிலிருந்து வந்தவை, அதனால் ‘மோர் போர்ட்’, ‘மோர் டயர்ட்’ என்பதே வழக்கம். ‘ஃபன்’னுக்கும் ‘மோர் ஃபன்’தான்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன், மிஸ். டிகிரி மாற்றும் கேள்வியில் எப்போதும் மார்க் போகிறது. ‘எனி அதர்’ எங்கே, ‘மோஸ்ட் அதர்’ எங்கே என்று குழப்பமாக இருக்கிறது.

தம்பி, ஃபார்முலாவைக் கொஞ்ச நேரம் ஓரமாக வை. எது எதோடு ஒப்பிடப்படுகிறது என்று மட்டும் பார்.

“எவரெஸ்ட் இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் தி வேர்ல்ட்.” 8,849 மீட்டர், அதற்குச் சமமாக ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் மற்ற ஒவ்வொரு சிகரத்தையும் விட அது உயரம்: “எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் தி வேர்ல்ட்.” வேறு எந்தச் சிகரமும் அவ்வளவு உயரமில்லை: “நோ அதர் பீக் இன் தி வேர்ல்ட் இஸ் அஸ் ஹை அஸ் எவரெஸ்ட்.” மூன்றும் ஒரே செய்திதான்.

இதில் ‘அதர்’ எதற்கு? எவரெஸ்ட்டும் உலகச் சிகரங்களில் ஒன்று. ‘அதர்’ இல்லாவிட்டால் அது தன்னை விடவும் உயரம் என்று ஆகிவிடும். ஆனால் ஆப்பிரிக்காவோடு ஒப்பிட்டால் “எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் ஆப்பிரிக்கா” என்றே எழுதலாம். எவரெஸ்ட் அங்கே இல்லையே!

இப்போது கஞ்சன்ஜங்காவை எடுத்துக்கொள். 8,586 மீட்டர், உலகில் மூன்றாவது இடம். அதை விட உயர்ந்தவை இரண்டு இருப்பதால் ‘எனி அதர்’ என்று எழுதினால் அது பொய். “ஒன் ஆஃப் தி ஹையஸ்ட் பீக்ஸ்” என்று வரும்போது கம்பாரட்டிவில் (‘ஹையர்’ வடிவத்தில்) “ஹையர் தேன் மோஸ்ட் அதர் பீக்ஸ்”, பாசிட்டிவில் (மாறாத ‘ஹை’ வடிவத்தில்) “வெரி ஃபியூ பீக்ஸ் ஆர் அஸ் ஹை அஸ் கஞ்சன்ஜங்கா.” இங்கெல்லாம் ‘பீக்ஸ்’ என்று பன்மை வருகிறது பார். பலவற்றில் ஒன்று என்கிறோம், அந்தப் பல சொல்லிலும் தெரிய வேண்டும். “ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடன்ட்” என்று எழுதித்தான் நிறையப் பேர் மார்க்கை விடுகிறார்கள்.

“ஹி இஸ் சீனியர் தேன் மீ” சரியா?

“சீனியர் டு மீ.” ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவமாக இருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை, இவற்றோடு ‘டு’தான் சேரும். ஆனால் அலுவலகங்களில் ‘எ மோர் சீனியர் ஆபிஸர்’ என்பது சாதாரணமாகப் புழங்குகிறது, அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தேர்வில் மட்டும் ‘சீனியர் டு’ எழுதுங்கள்.

“மை பிரதர் இஸ் எல்டர் தேன் மீ” என்று இவ்வளவு நாளாகச் சொல்லி வருகிறேன்…

இனி “ஓல்டர் தேன் மீ” என்று சொல்லுங்கள். ‘எல்டர்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: “மை எல்டர் பிரதர்.” அதற்குப் பின்னால் ‘தேன்’ வராது.

“சாப்பாடு ரொம்ப வொர்ஸ்ட்” என்று தமிழில் பேசுகிறோம். ஆங்கிலத்தில் “தி ஃபுட் வாஸ் வெரி வொர்ஸ்ட்” என்றால்?

வராது. தமிழ்ப் பேச்சில் ‘வொர்ஸ்ட்’ என்றால் வெறுமனே மோசம் என்று ஆகிவிட்டது, அது பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்தில் அது எல்லாவற்றிலும் மோசமானதைக் குறிக்கும். சாப்பாடு நன்றாக இல்லை என்றால் ‘வெரி பேட்’. நேற்றை விட இன்று மோசம் என்றால் ‘வொர்ஸ்’, கடைசியில் ‘ட்’ ஒலி கிடையாது. இதுவரை சாப்பிட்டதிலேயே மோசம் என்றால்தான் ‘தி வொர்ஸ்ட்’.

‘தேன் ஐ’யா, ‘தேன் மீ’யா? இலக்கணப் புத்தகம் ஒன்று சொல்கிறது, சினிமாவில் வேறு கேட்கிறது.

“ஷி இஸ் ஓல்டர் தேன் மீ” இன்றைய ஆங்கிலத்தில் முழுக்கச் சரி. “ஓல்டர் தேன் ஐ” பழைய கண்டிப்பான நடை. “ஓல்டர் தேன் ஐ ஆம்” என்று முடித்துவிட்டால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும்.

பொருள் குழம்பும் இடத்தில்தான் கவனம் வேண்டும். “ஷி லவ்ஸ் தி கேட் மோர் தேன் மீ” என்றால் அவளுக்கு என்னை விடப் பூனையைப் பிடிக்கும் என்பதா, நான் பூனையை நேசிப்பதை விட அவள் அதிகமாக நேசிக்கிறாள் என்பதா? இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றால் “மோர் தேன் ஐ டூ” என்று முடியுங்கள். முதலாவது என்றால் “மோர் தேன் ஷி லவ்ஸ் மீ.”