கேளுங்கள், கதைப்போம்: பஸ் தொடங்கி தேசவழமை வரை

பெண்களுக்கு நடக்கிற தொல்லை, அவர்களுக்குச் சட்டத்தில் உள்ள உரிமை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிப் போன கிழமை கேட்டிருந்தேன், வந்து குவிந்துவிட்டது. முதலே சொல்லிவிடுகிறேன், நான் சட்டத்தரணி இல்லை. ஒரு பிரதேச செயலகத்தில் பெண்கள் பிரிவில் 22 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். கேஸ் அளவுக்குப் போகிற விஷயம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது, வசதி இல்லாதவர்களுக்குக் காசில்லாமல் செய்வார்கள். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

நெல்லியடியில் இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, கம்பஸுக்குப் போகிற பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் ஒரே ஆள் வந்து உரசிக்கொண்டு நிற்கிறான். கொண்டக்டரிடம் சொன்னேன், "சனநெரிசல் தானே தங்கச்சி" என்றார். இதுக்கெல்லாம் பொலிசுக்குப் போக முடியுமா?

முடியும். தண்டனைச் சட்டக் கோவை 345ஆம் பிரிவு, பாலியல் தொல்லையைக் குற்றமாக்கி 1995இல் கொண்டுவந்த திருத்தம். விருப்பமில்லாத தொடுகை மட்டும் இல்லை, அப்படியான வார்த்தையும் அதற்குள் வரும். 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், இரண்டும் சேர்ந்தும் வரலாம், நட்டஈடும் கட்டச் சொல்லலாம். முப்பது வருடமாக இருக்கிற சட்டம் இது, கொண்டக்டருக்குத் தெரியாமல் இருந்தால் நீங்களே சொல்லுங்கள். ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் தொல்லை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் 90 வீதம், பொலிசுக்குப் போனவர்கள் 4 வீதம். அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் நிற்கிறவர்கள்தான் உங்கள் கொண்டக்டரும் பக்கத்து சீட்டில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களும்.

செய்யவேண்டியது இது. இன்றைக்கே கொப்பியில் திகதி, நேரம், பஸ் இலக்கம், அவன் எந்தத் தரிப்பில் ஏறி எங்கே இறங்குகிறான் என்று எழுதத் தொடங்குங்கள். கூட வருகிற ஒரு பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள், நாளைக்கு அவளும் கண்டதாகச் சொல்லலாம். பிறகு பொலிஸ் நிலையத்தில் பெண்கள் சிறுவர் பிரிவு எங்கே என்று கேட்டு நேரே அங்கே போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதினதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு மட்டும் கையெழுத்து வையுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவேண்டாம். "சமாதானமாகப் போங்கோ" என்று அனுப்பப் பார்த்தால் வாசலில் நின்றே 1938க்கு அடியுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம் அது. நான் கூட்டிக்கொண்டு போன ஒரு பிள்ளையை ஒரு நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருத்தினார்கள். போன் எடுத்த பிறகுதான் புத்தகம் திறந்தது.

கொண்டாவில் தம்பி ஒருவர்: இப்ப சிரித்துக் கதைத்தாலே கேஸ் என்கிற நிலைமை. பொய்க் கேஸ் போடுகிற பெண்களைப் பற்றியும் எழுதுங்கள்.

பொய் முறைப்பாடு கொடுப்பதும் குற்றம்தான், சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தம்பி, என்னுடைய 22 வருடத்தில் என் மேசைக்கு வந்த பெரிய பிரச்சினை பொய்க் கேஸ் இல்லை, உண்மையான கேஸை அம்மாவே வந்து திரும்ப எடுத்தது. ஒருமுறை கேட்டு, விருப்பமில்லை என்றதும் விலகினால் ஒருவரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சுன்னாகம்: ஒரு உறுதிப்படுத்தல் கடிதத்துக்கு நாலு தரம் அலைந்துவிட்டேன். அந்த உத்தியோகத்தர் "பின்னேரம் தனியாக வாங்கோ, கதைப்பம்" என்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். காசு கேட்டிருந்தால் இலஞ்சம் என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது?

இதுவும் இலஞ்சம்தான் தங்கச்சி, அதே சொல்லால் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. போருக்குப் பிறகு வன்னியிலும் இங்கேயும் கணவரை இழந்த, காணாமல் கொடுத்த எத்தனையோ பேர் ஒரு கையெழுத்துக்காக, வீட்டுத்திட்டத்துக்காக, நுண்கடன் தவணைக்காக இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அப்போது பெயரும் இருக்கவில்லை. "அவர் ஒரு மாதிரி" என்றுதான் சொல்வோம், ஒரு மாதிரி!

அவர் போனில் அனுப்பியதை அழிக்காதீர்கள். வாயால் சொன்னது என்றால் சொன்ன நாளையும் சொன்னபடியே சொல்லையும் எழுதி வையுங்கள். பின்னேரம் போகவே வேண்டாம். அடுத்த தரம் அலுவலக நேரத்தில் ஒரு ஆளோடு போய்க் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள், தரமுடியாது என்றால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்து என்றதும் பாதிப் பேர் திருந்திவிடுவார்கள்.

மானிப்பாய்: பழைய காதலன் வெளிநாட்டில். படங்களை அம்மாவுக்கு அனுப்புவேன் என்கிறான்.

காசும் அனுப்பவேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அவனுடைய கணக்கின் இணைப்பையும் சேமியுங்கள், பிறகு பொலிஸ். ஆள் எந்த நாட்டில் என்று தெரிந்தால் அங்கத்தைய பொலிசிலும் முறையிடலாம், பல நாடுகளில் இது தனிக் குற்றம். அதற்கு முதல், முடியுமென்றால் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அம்மாவுக்குத் தெரியாது என்பதுதான்.

உரும்பிராய்: அப்பா சீதனமாகத் தந்த காணி. கணவர் விட்டுவிட்டுப் போய் ஆறு வருடம், எங்கே என்றும் தெரியாது. விற்கப் போனால் நொத்தாரிசு அவர் கையெழுத்து இல்லாமல் ஏலாது என்கிறார். உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட பெண் தன்னுடைய பெயரிலேயே இருக்கிற காணியை விற்கவோ நன்கொடை கொடுக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். நகையை விற்கலாம், மரணசாசனமும் எழுதலாம், காணியை மட்டும் விற்க ஏலாது. வாக்குரிமை 1931இல் வந்துவிட்டது, காணிக்கு இன்னும் அவர் கையெழுத்து. மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், இருக்கிற இடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி எடுக்கலாம். நீங்கள் அவரைத் தேடியதற்கு கிராம சேவையாளரின் கடிதம் ஒன்று இருந்தால் நல்லது.

சங்கானை: அடிக்கிறார். எல்லாரும் பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ என்கிறார்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள், முழுக் கட்டளை 12 மாதம் வரை. விவாகரத்து கேட்கத் தேவையில்லை, பொலிசும் உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். காயம் இருந்தால் முதலில் அரச ஆஸ்பத்திரி, விழுந்தது என்று சொல்லாமல் அடித்தது என்று சொல்லுங்கள்.

திருநெல்வேலி: அனுராதபுரத்தில் அந்த டொக்டருக்கு நடந்ததைப் பற்றிக் கதைக்கும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் "பெண் பிள்ளைகளை இரவு டியூட்டிக்கு விடக்கூடாது" என்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம்?

2025 மார்ச்சில் நடந்தது. வேலை முடிந்து தன்னுடைய விடுதிக்குத் திரும்பிய வைத்தியரைக் கத்தி முனையில்... விடுதிக்குள், றோட்டில் இல்லை. வைத்தியர்கள் பணிப்பகிஷ்கரிப்புக்குப் போனது பாதுகாப்புக் கேட்டும்தான். இரவு டியூட்டிக்கு டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் வராவிட்டால் உங்கள் அம்மாவுக்கு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் யார் பார்ப்பது?

இன்னொன்று. இப்படியான செய்தி வந்த உடனே அந்தப் பிள்ளையின் படத்தைத் தேடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. 2015இல் பாலியல் வன்முறை செய்து கொல்லப்பட்ட புங்குடுதீவு மாணவியின் படத்தை நாங்கள் எல்லாரும் பகிர்ந்தோம், நானும்தான், அஞ்சலி என்று நினைத்து. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இங்கே 2 வருடம் வரை சிறை போகக்கூடிய குற்றம். சென்னையில் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவர் கொடுத்த முறைப்பாடு அப்படியே இணையத்தில் கசிந்தபோது, அவருக்கு 25 இலட்சம் இந்திய ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பினவரிடமே சொல்லி அழிக்கப் பண்ணுங்கள்.

சாவகச்சேரி, ஒரு அப்பா: ரியூசன் முடிந்து வரும்போது என்னுடைய மகளுக்கு ஒருவன் தொல்லை கொடுத்திருக்கிறான். மூன்று மாதமாக என்னிடம் சொல்லவில்லை, சித்தியிடம்தான் சொன்னாள். நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, ஏசினதில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அண்ணை, கோபிக்கவேண்டாம். பேப்பரில் இப்படி ஒரு செய்தி வந்த நாளில் சாப்பாட்டு மேசையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். "அந்த நேரம் இவளுக்கு அங்கே என்ன சோலி" என்று ஒருக்கால் சொல்லியிருப்பீர்கள், எல்லா வீட்டிலும் சொல்வதுதான், என்னுடைய அப்பாவும் சொன்னார். மகள் அப்போது பக்கத்தில் இருந்து சோறு பிசைந்துகொண்டிருந்திருப்பாள்.

அவளை இப்போது விசாரிக்கவேண்டாம், ரியூசனையும் நிறுத்தவேண்டாம், நிறுத்தினால் தண்டனை அவளுக்குத்தான். 18 வயதுக்குக் குறைவு என்றால் சிறுவருக்கான உதவி இலக்கம் 1929க்கு எடுத்துக் கேட்கலாம். முறைப்பாட்டுக்குப் போகிற அன்றைக்கு சித்தியும் வரட்டும், நீங்களும் போங்கள். பொலிசார் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவள் சொல்லட்டும். வரும் வழியில் அவளுக்குப் பிடித்த கடையில் ஏதாவது வாங்கிக் கொடுங்கள், அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல்.