மிஸ்ஸியம்மாவிடம் கேளுங்கள்: "என் மகன் என்ன சோதனை எலியா?"

கேள்வி: என் கணவருக்கு வயது 54. செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறார். பெருங்குடலில் கட்டி என்று அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வயிற்றைத் தைத்து மூடும் இரண்டு முறைகளை ஒப்பிடும் ஆய்வில் சேரச் சொல்லி ஆறு பக்க ஒப்புதல் பாரம் கொடுத்தார்கள். எந்த முறை என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டாராம், கணினிதான் முடிவு செய்யுமாம். "என் மகன் என்ன சோதனை எலியா?" என்று மாமியார் அழுகிறார். கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அரசாங்க மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள், இப்படிப்பட்ட பாரங்களை நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து விளக்குவதுதான் என் வேலை. உங்கள் மாமியார் கேட்ட அதே கேள்வியைத் தமிழிலும் மலாயிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். தோட்டத்துக் கிராணி நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பெருவிரலை உருட்டியவர்களின் பிள்ளைகள் நாம். கையெழுத்து என்றால் நமக்கு வயிறு கலங்குவதில் தப்பே இல்லை.

இருந்தாலும், என் அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், மகளே.

அப்பா பால்மரம் வெட்டியவர். 1974-இல் குடல்புண்ணில் ரத்தம் கசிந்து, இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அன்றைக்கு அதுதான் சரியான வைத்தியம். அந்த டாக்டர் அப்பாவின் உயிரைக் காப்பாற்றினார். ஆனால் அதன் பிறகு அப்பா ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. சோறு உள்ளே போன கால் மணி நேரத்தில் நெற்றி வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். லயத்து வாசற்படியில் தட்டை வைத்துவிட்டு அப்படியே திண்ணையில் சாய்ந்துகொள்வார். அம்மா துண்டால் முகத்தைத் துடைப்பார். இரைப்பை சிறுத்துப்போனால் உணவு குடலுக்குள் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் வரும் தொல்லை அது. கூலி போடும் நாளில் கோழிக்கறி ஆக்கினாலும் அவருக்கு நாலு வாய்தான்.

அப்படிப்பட்ட புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒரு கிருமி என்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1980-களில் எடுத்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு அப்பாவுக்கு வந்ததுபோல் புண் வந்தால், ரத்தக் கசிவைப் பெரும்பாலும் குழாய்க் கருவியை வாய்வழியே விட்டு நிறுத்திவிடுவார்கள்; கிருமிக்கு ஒன்றிரண்டு வாரம் மாத்திரை. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே குடல்புண்ணுக்கு இன்னொரு வைத்தியமும் இருந்தது. 1962-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற பெயர்பெற்ற அறுவை நிபுணர், நோயாளியை ஒரு பலூனை விழுங்க வைத்து, அதற்குள் கடும் குளிரான திரவத்தை ஓட விட்டு இரைப்பையை உறைய வைத்தார். வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். பல மருத்துவமனைகள் அந்த இயந்திரத்தை வாங்கின. பிறகு 160 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உண்மையாகவே உறைய வைத்தார்கள். மற்றவர்களுக்குப் பலூன் மட்டும் உள்ளே போனது, குளிர் போகவில்லை. 1969-இல் முடிவு வெளியானபோது இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. அந்தச் சிகிச்சை அத்தோடு ஒழிந்தது. அந்த நிபுணர் மோசடிக்காரர் அல்லர், மனதார நம்பியவர். மனதார நம்புவதால் ஒரு சிகிச்சை சரியாகிவிடாது என்பதால்தான் ஆய்வு தேவைப்படுகிறது.

உங்கள் கணவருக்கு எந்தத் தையல் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்வதும் இதனால்தான். டாக்டரிடம் விட்டால், தொப்பை பெரிதாக உள்ளவருக்குத் தமக்குப் பழகிய தையலையே தம்மை அறியாமல் போடுவார். பிறகு எந்தத் தையல் நல்லது என்று எப்படித் தெரியும்?

தையல் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் 560 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பெரிய தையல். மற்றதற்கு அரை சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமான சிறு தையல். ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய சட்டைப் பொத்தானின் அகலம். அதில் பாதிதான் வித்தியாசம். ஓராண்டு கழித்துப் பார்த்தால், தழும்பு வழியே குடல் பிதுங்கும் குடலிறக்கம் பெரிய தையல் பிரிவில் 21 சதவீதம், சிறு தையல் பிரிவில் 13 சதவீதம். நாள் முழுவதும் லாரியில் ஏறி இறங்கும் உங்கள் கணவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சர்க்கரை வியாதி மிகுந்த நம் ஆட்களிடம் எந்தத் தையல் எப்படி ஆறுகிறது என்பது நம் ஆட்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். நான் சொன்ன அந்த இரைப்பைக் கிருமி மலேசியாவில் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆனால் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். நம்மை விட்டுவிட்டு மற்றவர்களிடம் மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால்தான் விளக்க வேண்டும். சுகாதார அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா, என்.எம்.ஆர்.ஆர். (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகுமா, கூடுதலாக எத்தனை முறை வரவேண்டும், பஸ் செலவு யாருடையது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? எல்லாவற்றையும் கேளுங்கள். சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், என் சொந்தத் தம்பியாக இருந்தால் கையெழுத்துப் போடச் சொல்வேன். பரிசோதனையில் இருக்கும் புதிய மருந்தாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க மாட்டேன்.

கேள்வி: கணவருக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது. 24 வயது மகன் தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருகிறேன் என்கிறான். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரையும் இழந்துவிடுவேனோ?
– தாய், கோலகங்சார்

பதில்: அம்மா, மனிதருக்கு முதன்முதலில் கல்லீரல் மாற்றியவர் தாமஸ் ஸ்டார்சல், 1963-இல். அதைப் பெற்ற குழந்தை பிழைக்கவில்லை. உயிரோடு இருப்பவரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வெற்றிகரமாகப் பொருத்தியது 1989-இல், பிரிஸ்பேனில். ஒரு தாய் தன் குழந்தைக்குத் தந்தார். இன்று உலகெங்கும் செய்கிறார்கள். எடுத்ததுபோக மிஞ்சும் கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரியவர் ஒருவருக்காக வலப்பக்கப் பகுதியைத் தருகிறவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். பித்தக் கசிவும் தொற்றும் அதைவிட அதிகம். மகனை டாக்டர் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும், நீங்களோ அப்பாவோ பக்கத்தில் இருக்கக் கூடாது. அங்கே அவன் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால், "மகன் பொருந்தவில்லை" என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லும் வழக்கம் உண்டு. அதன் பிறகு காரணத்தைத் துருவாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறேன். தம்புன் பம்பிளிமாஸ் சாப்பிடலாமா?
– வாசகர், ஈப்போ

பதில்: வேண்டாம், ஐயா. நீங்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரை, ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. உடம்பு புதிய சிறுநீரகத்தைப் பகையாக நினைக்காமல் அடக்கி வைப்பது அதுதான். அந்த மருந்தைக் குடலில் உடைக்கும் நொதியைப் பம்பிளிமாஸ் தடுத்துவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, கை நடுங்கும், அந்தச் சிறுநீரகமே கெடும். கமலாப்பழம் சாப்பிடுங்கள். யாராவது மூலிகைக் கஷாயம் கொடுத்தால், குடிப்பதற்கு முன் அந்தப் பாட்டிலை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.