மாற்றுத்திறனாளி பார்க்கிங்கில் நிறுத்தத் தனி பெர்மிட் வேண்டுமா?

பக்கவாதம் வந்த அப்பாவை பெங்களூரில் ஒரு மாலுக்குக் காரில் கூட்டிப் போனீர்கள், சக்கர நாற்காலி படம் போட்ட இடத்தில் நிறுத்தப் போனால் செக்யூரிட்டி "பெர்மிட் எங்கே" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார், அதை எந்த ஆபீசில் வாங்குவது என்று கேட்கிறீர்கள். அப்பாவை எங்கோ பி3 தளத்தில் இறக்கி, லிஃப்ட் வரைக்கும் தாங்கிப் பிடித்து நடத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எந்த ஆபீசிலும் கிடைக்காது. அமெரிக்காவில் காரின் கண்ணாடியில் நீல அட்டை தொங்கும், இங்கிலாந்தில் ப்ளூ பேட்ஜ் உண்டு. அப்படி நாடு முழுக்கச் செல்லும் பார்க்கிங் பெர்மிட் இந்தியாவில் இல்லை. கார் கண்ணாடியில் ஒட்டும் சக்கர நாற்காலி ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. நம்மிடம் இருப்பது யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள) அட்டைதான். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, சதவீதம் போட்டுத் தருவார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முதலில் அதை வாங்குங்கள். காவலாளி அடுத்த முறை கேட்டால் அதைக் காட்டலாம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல நீ யார் என்று கேட்பவர்களுக்காக: எனக்குக் குழந்தையிலேயே போலியோ. இடது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்), கையில் ஒரு ஊன்றுகோல். அல்சூரில் வீடு, வேலை வங்கியில். வக்கீல் இல்லை. ஆனால் இந்த ஊர் பார்க்கிங் காவலாளிகளோடு வாதாடியே பாதி ஹிந்தி கற்றுக்கொண்டவள்.

என் கார் ஆட்டோமேட்டிக். கிளட்ச் இல்லாததால் வலது கால் ஒன்றே போதும். அதனால் வெளியிலிருந்து பார்க்க எல்லார் காரையும் போலத்தான் இருக்கும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் ஓட்டிய காலத்தில் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. கார் வாங்கியதும் "மேடம், இது ஹேண்டிகேப் பார்க்கிங்" என்று கண்ணாடியைத் தட்டுகிறார்கள். ஆர்.சி.யில் உரிமையாளர் வகை திவ்யாங்ஜன் (மாற்றுத்திறனாளி) என்று இருக்கிறது, லைசென்ஸிலும் குறிப்பு இருக்கிறது. எடுத்துக் காட்டினாலும் முகத்தைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் நம்புவார்கள். சில இடங்களில் கண்டவர்கள் நிறுத்தாமலிருக்க அந்த இடத்தின் நடுவில் ஒரு கோன் வைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கோனை நகர்த்த நான் காரை விட்டு இறங்க வேண்டும்!

இனி, பலருக்கும் தெரியாத விஷயம். இந்த இடத்தை ஒதுக்குவது வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் என்று அரசு வழிகாட்டு நெறி சொல்கிறது, சரி. அதைவிட முக்கியம் அகலம். 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். கார் நிற்கும் இடத்தை ஒட்டிக் குறுக்குக் கோடு போட்ட 1.2 மீட்டர் இடமும் அதில் சேர்ந்ததுதான். கதவை முழுக்கத் திறக்கவும், சக்கர நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவரவும்தான் அது. பைக் நிறுத்த விட்ட காலி இடம் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஊரில் பெரிய மால் ஒன்றில் (பெயர் வேண்டாம்) மளிகை வாங்கித் திரும்பினால், அந்தக் கோட்டின் மேல் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது, என் ஓட்டுநர் பக்கக் கதவை உரசிக்கொண்டு. நான் காரில் ஏறும் விதம் வேறு. முதலில் சீட்டில் பக்கவாட்டில் உட்கார வேண்டும், காலிப்பரின் முட்டிப் பூட்டை எடுத்துவிட வேண்டும், அப்புறம் காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். கதவு பாதி திறந்தால் எனக்குத் திறக்காத மாதிரிதான். மைக்கில் வண்டி நம்பரை அறிவித்தார்கள். நான் தூணில் சாய்ந்து நின்றேன். பார்க்கிங் மேற்பார்வையாளர் ஓடிவந்து, "சாவி கொடுங்க மேடம், நான் காரை வெளியே எடுத்துத் தரேன்" என்றார், பெரிய உதவி செய்கிற முகத்தோடு. கொடுக்கவில்லை. முன்பின் தெரியாதவரிடம் சாவி கொடுத்தால்தான் வீட்டுக்குப் போக முடியும் என்றால் எனக்கெதற்குச் சொந்தக் கார்? கடைசியில் ஒரு பையன் பாப்கார்னோடு வந்தான். "ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ் ஆன்ட்டி, காலி ஜாகா இத்து" (இடம் காலியாக இருந்தது) என்றான். அவன்மேல்கூட எனக்குக் கோபமில்லை. அந்தக் கோடு எதற்கு என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. காவலாளிக்கும் சொன்னதில்லை. கட்டியவர்களுக்குத் தெரியும், அவர்கள் வரைபடத்தில் காட்டித்தானே அனுமதி வாங்கியிருப்பார்கள்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழே தரக்கூடாது. தனியார் கட்டடமும் இதில் அடக்கம். 89ஆம் பிரிவு, சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி வழக்கில், இந்த அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருப்பது செல்லாது, கட்டாய விதியாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே "இது மால் நிர்வாகத்தின் பாலிசி" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். காவலாளியிடம் சண்டை வேண்டாம், பாவம், அவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மேலாளருக்குத் தேதி, நேரம், போட்டோவோடு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. ஆட்களை அழைப்பதிலும் ஆவணம் கேட்பதிலும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

"இதைத் தப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் இல்லையா, காவலாளி கேட்பதில் என்ன தப்பு?" என்று கீழே ஒருவர் நிச்சயம் எழுதுவார். இருக்கிறார்கள். என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். உடல் இயக்கக் குறைபாடு 40 சதவீதமோ மேலோ இருந்தால், நான்கு மீட்டருக்குட்பட்ட சின்னக் காருக்கு 28க்குப் பதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஒரு சலுகை இருந்தது. அதற்குக் கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்று வேண்டியிருந்தது. இது தெரிந்த நாளிலிருந்து, தீபாவளிக்குக்கூட போன் செய்யாத சொந்தக்காரர்கள் "அக்கா, உங்க பேர்ல ஒரு வண்டி எடுத்துக்கலாமா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சித்தி மகன் ஒருவன் டீலரிடம் பேசியே முடித்துவிட்டான். மாட்டேன் என்றதும், "கால்தான் அப்படி, மனசுமா?" என்று அவன் மனைவி சொன்னாளாம். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு எல்லாருக்குமே 18 சதவீதம் ஆனதும் போன் நின்றுவிட்டது. அந்த ஒன்றுக்காக ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு நன்றி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த இடம் அப்பாவுக்கு, காருக்கு இல்லை. நீங்கள் ஓட்டினாலும் அவர் உள்ளே இருந்தால் தாராளமாக நிறுத்துங்கள். அவர் வீட்டில் இருக்கும்போது நீங்கள் மட்டும் போனால் பி3க்கே போங்கள். சாலையோரம் நோ பார்க்கிங் பலகை இருக்கும் இடத்தில் இந்த அட்டை உதவாது, அபராதம் அபராதம்தான். இன்னொன்று: பக்கவாதம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால், உடல் தேறக்கூடும் என்று தற்காலிகச் சான்று தரலாம். அதில் முடிவுத் தேதி இருக்கும், பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே பக்கத்தில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம்.