நான்கு கினிப் பன்றிகளில் ஒன்றுக்கு மட்டும் சொறி: எல்லாவற்றுக்கும் மருந்து தர வேண்டுமா?

ஆமாம், நான்குக்கும் ஒரே நாளில் தர வேண்டும். ட்ரிக்ஸாகாரஸ் கேவியே என்ற சொறிப்பூச்சி தோலுக்குள் துளைத்து வாழ்வது, கண்ணுக்குத் தெரியாது. மற்ற மூன்றும் சொறியவில்லை என்றாலும் பூச்சி ஏறியிருக்கலாம்.

கால்நடை மருத்துவர் பெரும்பாலும் ஐவர்மெக்டின் அல்லது செலாமெக்டின் தருவார். ஐவர்மெக்டின் முட்டைகளைக் கொல்லாது. அதனால்தான் குஞ்சு பொரித்தவற்றைப் பிடிக்க, சில வாரங்களுக்குள் மறுபடியும் தரச் சொல்கிறார்கள். அரிப்பு நின்றதும் பாதியில் விட்டால் திரும்ப வரும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடை போடுங்கள். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கண்ணளவில் கொடுப்பது, என்னைக் கேட்டால், விஷப்பரீட்சை. நாய்க்கான தெள்ளு மருந்தும் வேண்டாம்.

மருந்து தரும் நாளிலெல்லாம் விரிப்பை மாற்றி, கூண்டைக் கழுவிவிடுங்கள். அரிப்பு முற்றினால் வலிப்பே வரும். அப்படி வந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.