பிரசவத்தில் வந்த பிரஷரும் இதயக் கணக்கில் சேரும்

கேள்வி: எனக்கு வயது 51. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சிகரெட் பிடிக்கும் என் கணவருக்குப் போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதமாக எனக்கு மாடிப்படி ஏறினால் மேல்வயிறு எரிகிறது, மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. வாயு என்று நினைத்து மருந்து குடிக்கிறேன். "பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் அவ்வளவா வராது" என்கிறார்கள். இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் ஏறி எட்டாம் மாதமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அதைத் தவிர பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. நான் பயப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, இதய மருத்துவரைப் பாருங்கள். ஏறும்போது வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாயுத் தொல்லை மாடிப்படி பார்த்து வராது. இதயத் தசைக்கு வேலை கூடும்போது ரத்தம் போதவில்லை என்றால்தான் பெரும்பாலும் இப்படி வந்து போகும். அதே எரிச்சல் சும்மா இருக்கும்போது வந்தாலோ, பத்துப் பதினைந்து நிமிடமாகியும் அடங்காவிட்டாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, யாராவது வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கணவர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்து நீங்களாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

பெண்களுக்கு வராது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது வருடம் தள்ளி வந்தது தெரிந்தது. தள்ளி வருவதை வராது என்று நம் ஊரில் மாற்றிக்கொண்டார்கள். அதே ஆய்வில், இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டினருக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே மாரடைப்பு வந்ததும் தெரிந்தது.

அந்த ஒன்பது வருடச் சலுகையும் சர்க்கரை இருக்கும் பெண்ணுக்கு அப்படியே கிடைப்பதில்லை. எட்டரை லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியிட்ட கணக்கில், சர்க்கரை நோய் ஆண்களுக்குக் கூட்டும் இதய நோய் ஆபத்தைவிடப் பெண்களுக்குக் கூட்டுவது 44 சதவீதம் அதிகம் என்று வந்தது. சர்க்கரை என்று கண்டுபிடிக்கும் நேரத்துக்குள் பெண்ணின் எடையும் பிரஷரும் கொழுப்பும் ஆணைவிட அதிகமாகக் கெட்டுப்போயிருப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இன்னொரு காரணம் மருத்துவர்களான எங்கள் பக்கம் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பெண்களுக்கு எழுதுவது குறைவாகவே நடக்கிறது. உங்கள் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

சிகரெட்டும் அப்படித்தான், புகைக்கும் ஆணைவிடப் புகைக்கும் பெண்ணின் இதயத்துக்கே கேடு அதிகம். நீங்கள் பிடிப்பதில்லை, சரி. ஆனால் கணவர் வீட்டுக்குள் பிடித்தால் அந்தப் புகை உங்களுக்கும்தான்.

இப்போது நீங்கள் "அதைத் தவிர" என்று தாண்டிப்போன விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அந்த வரிதான். கர்ப்பம் என்பது ஒரு பெண்ணின் இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் இயற்கையே வைக்கும் சோதனை. ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், இதயம் ஒவ்வொரு நிமிடமும் கூடுதலாக இறைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் பிரஷர் ஏறி, குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட தாய்க்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழந்தை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும், டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவுக்குள் போய்விடும், இருபது வருடம் கழித்து இதய மருத்துவரிடம் வரும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. நானும் பல வருடங்கள் கேட்காமல் இருந்திருக்கிறேன், இன்றும் அது என்னை வருத்துகிறது. கர்ப்பத்தில் வந்துபோன சர்க்கரை, குறைமாதப் பிரசவம், 45 வயதுக்கு முன்பே நின்ற மாதவிலக்கு, முடக்குவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். கணவரின் சோதனைகளில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடமே இல்லை என்பதால், அவருக்குப் பார்த்த அதே அளவுகோலை உங்களுக்கு வைத்தால் போதாது.

பெண்களுக்கு நெஞ்சு வலியே வராது என்றும் சிலர் சொல்கிறார்கள், அதுவும் சரியல்ல. பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் அதோடு தாடை வலி, முதுகு வலி, குமட்டல், இனம்புரியாத அசதி என்று பலவும் சேர்ந்து வருவதால், சொல்பவரும் கேட்பவரும் வாயுவில் போய் நிற்கிறார்கள்.

மருத்துவமனையில் சும்மா படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். ஓய்வில் இருக்கும்போது அடைப்பு ஈசிஜியில் தெரியாமலே போகலாம். ட்ரெட்மில் சோதனையும் பெண்களிடம் சில சமயம் தவறான முடிவு காட்டும் என்பதால், எக்கோவோடு (இதய ஸ்கேன்) சேர்த்த சோதனையோ, இதய ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் சிடி ஆஞ்சியோகிராமோ தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இடுப்புச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் வரம்பு என்றால் பெண்களுக்கு 80. மாதவிலக்கு நின்றதால் வந்ததுதானே, ஹார்மோன் மாத்திரை போட்டால் இதயம் காக்கப்படுமா என்று யோசிக்க வேண்டாம். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்டது, அந்த மாத்திரையால் இதயத்துக்கு நன்மை கிடைக்கவில்லை.

போகும்போது கணவரையும் கூட்டிச் செல்லுங்கள், பழைய பிரசவச் சீட்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் "வாயுத் தொல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஆறு வருடமாகச் சர்க்கரை, பிரசவத்தில் பிரஷர் இருந்தது, இரண்டு மாதமாகப் படி ஏறினால் எரிச்சலும் மூச்சிரைப்பும், உட்கார்ந்தால் சரியாகிறது" என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.