ஏற்காடு இறக்கத்தில் மூன்றாவது கியர் நழுவினால்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் உங்கள் பழைய லாரியில் மூன்றாவது கியர் நழுவுகிறது என்றால், உடனே கியர் பாக்ஸை இறக்க வேண்டாம், முதலில் அதன் டாப் கவரை மட்டும் கழற்றுங்கள்.

பெரும்பாலும் கியர் மாற்றும் ராடைப் பிடித்து நிறுத்தும் சின்ன இரும்புக் குண்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் (குண்டு தெறித்து ஓடிவிடும், துணி போட்டு மூடிக்கொண்டு எடுங்கள்). முதல்-இரண்டாம் கியர் ராடின் ஸ்பிரிங் பக்கத்தில் நிற்கவைத்துப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ராடில் குண்டு உட்காரும் பள்ளத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள், விளிம்பு மழுங்கியிருக்கக் கூடாது.

அதெல்லாம் சரி என்றால், அப்புறம் காரணம் ராடோடு சேர்ந்து நகரும் ஃபோர்க்கின் நுனியும், கியரைக் கோத்துப் பிடிக்கும் டாக் பற்களும்தான். பற்களின் முனை உருண்டிருந்தால் எந்த ஸ்பிரிங்கும் தாங்காது, பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

அதுவரை அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்காதீர்கள். கியர் விட்டுப்போனால் பிரேக் மட்டும்தான் மிச்சம், அது சூடேறினால் பிடிக்காது.